இழுவை

கதவை இன்னொரு தடவை அடித்துச் சாத்துங்கள் சார். மெதுவாகச் சாத்தினால் பிடிக்காது. ம், இப்போது சரி. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் கியர் மாற்றும்போது இடிக்கும்.

பஸ் போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. அடுத்தது பதினொன்றரைக்கு. நீங்கள் கையைக் காட்டாவிட்டாலும் நானே நிறுத்திக் கேட்டிருப்பேன். இந்த மலையில் தனியாக ஏற எனக்கு இப்போதெல்லாம் மனம் வருவதில்லை.

செம்மேடு தபால் ஆபீஸா? திங்கட்கிழமைதான் சேர வேண்டும், இரண்டு நாள் முன்னாலேயே போய் வீடு பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டீர்கள். நல்லது. நானும் அப்படித்தான், எதையும் முன்கூட்டியே செய்துவிட வேண்டும் எனக்கு.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. இந்த வண்டி பாதி மலையில் இழுவை விட்டுவிடும். நின்றுபோகாது. இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் முக்கும், நகராது. இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தது முதல் கியருக்கு வரும், முதல் கியரிலும் தள்ளாடும், அப்புறம் ஏதாவது ஒரு வளைவின் நடுவில் உட்கார்ந்துவிடும். முப்பதாவது வளைவுக்குள் ஒரு தடவை, ஐம்பதைத் தாண்டி ஒரு தடவை. மொத்தம் எழுபது வளைவு. போர்டு வைத்திருக்கிறார்கள், நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

பின்னால் சத்தம் கேட்கிறதே, கறிக்கோழி. நானூறு உருப்படி. நாளை ஞாயிறு அல்லவா. செம்மேட்டில் மூன்று கடைக்கும் நான்தான் போடுகிறேன். ஆறு வருடமாக என்னுடைய லைன். போன வாரம் இதே சனிக்கிழமை நாற்பது நிமிடம் வெயிலில் நின்றுவிட்டது. முப்பத்தியிரண்டு கோழி மூச்சுத் திணறிச் செத்துப்போய்விட்டது. கடைக்காரர் மூன்று பேரும் ஒன்றாக நின்று சொல்லிவிட்டார்கள். “அடுத்த சனிக்கிழமை பத்தரைக்குள்ள உசுரோட வந்து சேரணும். இல்லைன்னா ராசிபுரத்து வண்டிக்கு லைனக் குடுத்துருவோம். மனசுல வெச்சுக்காதீங்க.” மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது?

மணி என்ன, ஒன்பது பத்து. சரி. பார்ப்போம்.

மூன்று மாதமாக இந்தக் கூத்து. நான் பார்க்காத மெக்கானிக் இல்லை. நாமக்கல் மாவட்டத்தில் லாரியைப் பிரித்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு கோக்கிற ஆட்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருத்தனால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். வண்டி கெட்டுப்போவது இயற்கை. என்ன கெட்டது என்று தெரியாமல் கெட்டுப்போவது என்ன நியாயம்?

எப்போது ஆரம்பித்தது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பூபதி என்னை விட்டுப் போனானே, அந்த வாரம்.

பூபதி என்பது என் மச்சினன். என் வீட்டுக்காரி கலாமணிக்குக் கூடப் பிறந்த தம்பி. மூன்று வருடம் இந்த லைனை அவன்தான் ஓட்டினான். நான் கீழே பண்ணையில் லோடு பிடிப்பேன், அவன் ஏற்றிக்கொண்டு போவான். நன்றாக ஓட்டுவான், இல்லை என்று சொல்லவில்லை. ரேடியோ போட மாட்டான். ஏன்டா என்றால், “இன்ஜின் சத்தம் கேக்காது மாமா” என்பான். சாப்பாட்டுப் போசியைக்கூட டேஷ்போர்டின் மேல் வைக்க மாட்டான், தட தட என்று கேட்கும் என்று. அப்படி ஒரு ஆள்.

ஆனால் டீசல் அளவு உதைத்தது. என்னிடம் ஒரு மூங்கில் குச்சி இருக்கிறது. அதோ, உங்கள் கால் பக்கம். எடுத்துப் பாருங்கள். கத்தியால் கோடு போட்டிருக்கிறேன். டேங்க்கில் விட்டு எடுத்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். மீட்டர் முள்ளை நம்பக் கூடாது. போகும்போது ஒரு அளவு, வரும்போது ஒரு அளவு. ஒரு தடவை போய் வந்தால் நான்கு விரல் இறங்க வேண்டும். அவன் ஓட்டும்போது ஐந்தரை விரல் இறங்கியது. ஒன்றரை விரல் எங்கே போயிற்று?

நான் யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை சார். அளந்து பார்ப்பது வேறு, சந்தேகப்படுவது வேறு. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கலாமணி வருத்தப்படுவாள். பேசாமல் சேந்தமங்கலத்தில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். டேங்க்குக்கு இரும்பில் புது மூடி கடைந்து, மேலே பட்டை வைத்து, பூட்டு மாட்டுகிற மாதிரி செய்து வாங்கினேன். பழைய மூடி தகரம், யார் வேண்டுமானாலும் திருகலாம். இது அப்படி இல்லை. உள்ளே ரப்பர் வளையம் வைத்து, திருகினால் தண்ணீர்ச் சொட்டுகூட இறங்காது. லேத்துக்காரன் பழைய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுல ஓட்டை இருக்குதுங்களே, புதுசுலயும் வெக்கறதா?” என்றான். ஓட்டை வைத்தால் குழாயை விட்டு உறிஞ்ச மாட்டானா? “ஓட்டை கீட்டை ஒண்ணும் வேண்டாம், அடைச்சு விடு” என்றேன். என்ன புத்தி பாருங்கள், பூட்டு மூடி கேட்டு வந்தவனிடம் ஓட்டை வேண்டுமா என்கிறான்.

சாவி என் அரைஞாண் கயிற்றில். இதோ. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தபால் பைக்கு அரக்கு வைத்து முத்திரை போடுகிறவர்கள். முத்திரை போட்டால் தபால்காரனைத் திருடன் என்று சொன்னதாக ஆகுமா? ஆகாது. அதேதான்.

ஹாரன் அடித்துக்கொள்கிறேன். இந்த வளைவில் மேலேயிருந்து வருகிறவன் அடிக்க மாட்டான்.

பூபதி அந்த மூடியை ஒரு தடவை பார்த்தான். “இது எதுக்கு மாமா?” என்றான். “மழைத் தண்ணி இறங்காம இருக்கறதுக்கு” என்றேன். “மழைக்குப் பூட்டா?” என்றான். அவ்வளவுதான் பேச்சு. நான்காவது நாள் காலையில் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான். “மாமா, நீங்க பூட்டுன வண்டிய நீங்களே ஓட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டு ராசிபுரம் போய்விட்டான். இப்போது அங்கே ஏதோ பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறானாம். குற்றம் இல்லாதவனுக்கு எதற்குக் கோபம் வர வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

அவன் போய் இரண்டு நாளில் சனிக்கிழமை வந்தது, நான் ஓட்டிக்கொண்டு ஏறினேன். இருபத்தெட்டாவது வளைவில் முதல் தடவையாக இழுவை விட்டது. யோசித்துப் பாருங்கள். மூன்று வருடம் விடாத இழுவை, அவன் இறங்கிய இரண்டாம் நாள் விடுகிறது. போகும்போது ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதானே யாருக்கும் தோன்றும்? சர்க்கரையைப் போட்டானோ, மண்ணைப் போட்டானோ என்று டேங்க் டீசல் முழுவதையும் வடித்து வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்த்தேன். சர்க்கரை இல்லை, மண்ணும் இல்லை. தடயம் வைக்காமல் செய்திருக்கிறான். சூட்டிகையான பையன், அது எனக்குத் தெரியும்.

இப்போது டீசல் எவ்வளவு இறங்குகிறது என்கிறீர்களா? இப்போதும் ஐந்தரைதான். கோளாறான இன்ஜின் கூடக் குடிக்கத்தானே செய்யும்.

முதலில் சின்ராசுவிடம் போனேன். காளப்பநாயக்கன்பட்டியில் பட்டறை. வாயும் கையும் ஒன்றாக ஓடும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான், அரைப்படி மண் கொட்டியது. “பாத்தீங்களாண்ணா, மூக்குல பஞ்ச வெச்சுக்கிட்டு மலை ஏறுனா எப்பிடி?” என்றான். மாற்றினான். டீசல் ஃபில்டர் மாற்றினான். டர்போவுக்குப் போகிற ஓஸ் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், இல்லை. பிறகு என்னோடு மலைக்கே வந்தான். பட்டறையில் வண்டியை வாங்கும்போது குச்சியை விட்டு அளந்துகொண்டேன், எப்போதும் செய்வதுதான். இரண்டு பேரும் பதினைந்தாவது வளைவு வரை போனோம். சிட்டாகப் பறந்தது. “வண்டிக்கு ஒண்ணுமில்லைண்ணா. என்னப் பாத்தா பயந்துக்குது” என்றான். திரும்பி வந்து மறுபடி அளந்தேன். அவன் முகம் மாறிவிட்டது. “ஏண்ணா, நான் டீசலக் குடிக்கறவனா?” என்றான். “உன்னச் சொல்லலடா, இது பழக்கம்” என்றேன். அடுத்த சனிக்கிழமை இருபத்தாறாவது வளைவில் உட்கார்ந்தது. போன் பண்ணினால் எடுக்கவில்லை. அந்தப் பட்டறை வாசலில் இப்போது நான் நிறுத்தினால் அவன் டீ குடிக்கப் போய்விடுகிறான்.

எத்தனாவது இது? பதினெட்டு. பரவாயில்லை, இன்னும் இழுக்கிறது. ஆனால் சத்தம் கொஞ்சம் கனத்திருக்கிறது, கேளுங்கள்.

அப்புறம் நாமக்கல்லில் அக்பர் பாய். டீசல் பம்ப் வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேச்சே கிடையாது. பம்பைக் கழற்றி மேசையில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். நாசில் நான்கையும் பீய்ச்சிக் காட்டினார், பூத்தூவல் மாதிரி விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, “பம்புல குறை இல்லீங்க. பம்புக்கு வர்ற டீசல்தான் வராம நிக்குது. டேங்க்ல இருந்து வர்ற வழியப் பாக்கணும். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க” என்றார். சரி என்றேன். “டேங்க் சாவியக் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

அங்கேதான் எனக்கு இடித்தது. அவரைச் சொல்லவில்லை, பெரிய மனிதர், ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் பட்டறையில் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். சாவியை விட்டுவிட்டு இரண்டு நாள் நான் எப்படித் தூங்குவது? “வேணும்போது ஒரு போன் போடுங்க பாய், நானே வந்து தெறந்து விடறேன்” என்றேன். “டாக்டருகிட்டப் போயி வாயத் தெறக்க மாட்டேன்னா எப்பிடிங்க?” என்றார். பம்பைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். கூலிகூடச் சரியாக வாங்கவில்லை. கோபம்தான். நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

இப்படித்தான் சார், ஒருத்தனும் ஒத்துழைப்பதில்லை. எல்லாருக்கும் ரோஷம். வண்டியைப் பார்க்கச் சொன்னால் என்னைப் பார்க்கிறார்கள்.

வீட்டிலும் அதே. கலாமணி என்னோடு சண்டை போடுவதில்லை. சண்டை போட்டால்கூடத் தேவலை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், டிவியைப் பார்ப்பாள். போன புதன்கிழமை இரண்டாவது தடவை குழம்பு ஊற்றும்போது, “பூபதிகிட்டப் பேசுனேன்” என்றாள். “வண்டி மலையில நிக்குதுன்னு சொன்னேன். அந்த மூடியத் தெறந்து வெச்சிட்டு ஏறச் சொல்லக்கா, நிக்காதுங்கறான்” என்றாள்.

கேட்டீர்களா? மூன்று மாதம் கழித்தும் அவன் வாயில் என்ன வருகிறது பாருங்கள். மூடி. இன்ஜினைப் பற்றிப் பேசவில்லை, பம்பைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. “இப்பவாவது உனக்குப் புரியுதா? அவனுக்கு உறுத்தறதே அந்தப் பூட்டுத்தான்” என்றேன். அவள் கரண்டியைக் குண்டாவில் வைத்தாள். “உங்களுக்கு வண்டி ஓடணுமா, அவன் திருடனா இருக்கணுமா?” என்று கேட்டாள். என்ன கேள்வி இது? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆ. விட்டுவிட்டது பார்த்தீர்களா? மிதிக்கிறேன், பாருங்கள், தரையோடு மிதிக்கிறேன். ஒன்றும் இல்லை. முதல் கியர். அதிலும் இல்லை. இருபத்திநான்கு. இன்றைக்குச் சீக்கிரமாகவே. டேங்க் ஃபுல் பண்ணிக்கொண்டு வந்தால் சீக்கிரம் விடுகிறது, அது என்ன கணக்கோ. இறங்குங்கள் சார், சட்டென்று இறங்குங்கள். அந்தக் கட்டையை எடுத்துப் பின் சக்கரத்துக்குக் கொடுங்கள். இன்னும் உள்ளே. சரி.

மணி ஒன்பது இருபத்தைந்து. சூடு ஆறட்டும். ஆறினால் ஏறும். இன்ஜின் சூடு ஏறித்தான் இழுவை விடுகிறது என்பது என்னுடைய முடிவு. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, இறங்கி, குச்சியை விட்டு டீசல் அளந்து, கோழிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஏறினால் நன்றாக இழுக்கிறது. நாற்பது நிமிடம் நிறுத்தினாலும் இழுக்கிறது, ஐந்து நிமிடம் நிறுத்தினாலும் இழுக்கிறது. ரேடியேட்டரைக் கழுவினேன், ஃபேன் பெல்ட் மாற்றினேன், அதனாலெல்லாம் பிரயோஜனம் இல்லை. நிறுத்தினால்தான் ஆறுகிறது.

அந்தக் குச்சியைக் கொடுங்கள். நின்ற இடத்தில் அளந்துவிட வேண்டும். இந்தப் பூட்டு கொஞ்சம் இறுகும். ம். திருகுவது பாருங்கள், எவ்வளவு கஷ்டம். உறிஞ்சிப் பிடித்த மாதிரி நிற்கிறது. அவ்வளவு நல்ல வேலை. இதோ.

அந்த ‘உஸ்’ஸா? அது எப்போதும் கேட்கும். டீசல் ஆவி. வெயில் சூட்டுக்கு.

உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று கேட்கிறீர்கள். எந்தப் பக்கம் போனால் என்ன சார்? ஆவி.

இந்த மூடியையும் பூட்டையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் மண் ஒட்டும். ஒன்றரை விரல்தான் இறங்கியிருக்கிறது. சரியாக இருக்கிறது. நான் கோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மேல் தட்டில் இரண்டு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. ஏய், குடி, குடி. சாகாதே. இன்றைக்கு ஒரு நாள் சாகாமல் வா. ஒன்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டது சார். இல்லை, எழுந்துவிட்டது.

பின்னால் எவன் ஹாரன் அடிக்கிறான்? வர்றேன்யா, வர்றேன். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறோம். ஏறுங்கள் சார். கட்டையை எடுத்துவிட்டு ஏறுங்கள். மூடியைப் போட்டுத் திருகிவிட்டீர்களா? பூட்டை அழுத்தினால் தானே விழும், சாவி வேண்டாம். ஆயிற்றா?

தலையை ஆட்டினீர்கள், போதும். நீங்கள் தபால்காரர்.

பார்த்தீர்களா, இப்போது இழுக்கிறது. முன்னே இருந்த வண்டியா இது? இரண்டாவது கியர். இதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு நோய் என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இப்படி வருவதும் போவதுமாக இருந்தால் யாரிடம் போய் என்ன சொல்வது?

அந்தக் குரங்குகளுக்கு எதையும் போடாதீர்கள், பின்னால் தாவிக் கூண்டைப் பிடித்து இழுக்கும்.

நான் என்ன பெரிதாகக் கேட்கிறேன்? ஆறு வருடம் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. அந்த ராசிபுரத்து வண்டி புது வண்டி. ஏசி வேறு. கோழி ஏற்றுகிறவனுக்கு ஏசி எதற்கு? அவன் செம்மேட்டுக்கு ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்? கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் பூபதி பத்து மணிக்கு வந்து நின்றான். அந்தப் பழக்கம். “உங்க மச்சான் வந்த வரைக்கும் நாங்க மணியே பாத்ததில்லை” என்று ஒருத்தர் சொன்னார். என் முகத்துக்கு நேராக.

முப்பத்தாறு.

இங்கே வலது பக்கம் பாருங்கள், கீழே காரவள்ளி தெரியும். பார்த்துவிட்டீர்களா? சரி.

அவன் திரும்ப வருவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்வேன்? வரட்டும். வந்து, “மாமா, நான் எடுத்தது உண்மைதான்” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒன்றரை விரல் டீசலுக்காக நான் யாரையும் தூக்கில் போடப்போவதில்லை. எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்றாவது சொல்ல வேண்டும். அதையும் சொல்லவில்லை. சாவியை வைத்துவிட்டுப் போனால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

நான் அவனிடம் கேட்கவே இல்லையா என்கிறீர்கள். நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவனுக்கே தெரியுமே.

நாற்பத்தொன்பது. இனிமேல் கொஞ்சம் பேசாமல் வருகிறேன் சார், தப்பாக நினைக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டினால் எந்த இடத்தில் விடும் என்று சொல்ல முடியாது. போன வாரம் ஐம்பத்துமூன்று. அதற்கு முந்தின வாரம் ஐம்பத்தேழு.

ஐம்பத்துமூன்று.

ம்.

ஐம்பத்தேழு தாண்டிவிட்டதா? போர்டைச் செடி மறைத்திருக்கிறது. நான் பார்த்தது ஐம்பத்தெட்டு என்றால் தாண்டிவிட்டது.

மூன்றாவது கியர் கேட்கிறது. இந்த இடத்தில் மூன்றாவது கியர் போட்டு மூன்று மாதம் ஆகிறது. பூபதி போடுவான். சத்தத்தைக் கேளுங்கள் சார். கனமே இல்லை. நான் சொன்னேனே, ஆறவிட்டால் ஏறும் என்று. இன்றைக்கு நன்றாக ஆறிவிட்டது. எவ்வளவு நேரம் நின்றோம்? நான்கு நிமிடமா? அவ்வளவுதானா? போன வாரம் நாற்பது நிமிடம் நின்றும் ஐம்பத்துமூன்றில் விட்டது.

அறுபத்தைந்து.

எழுபது. பார்த்தீர்களா? எழுபது. சோளக்காடு. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ஏறிவிட்டோம்.

ஒரு நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஓரமாக நிறுத்திக் குச்சியை மட்டும் விட்டுப் பார்த்துவிடுகிறேன். மேலே வந்ததும் அளப்பது வழக்கம்.

சார்.

கொஞ்சம் இறங்கி வாருங்கள்.

இது என்ன? இது உங்கள் கைக்குட்டை தானே? டேங்க் வாயில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறது. மூடி எங்கே?

உங்கள் பையிலா.

தலையை ஆட்டினீர்களே சார். ஆயிற்றா என்று கேட்டேன், தலையை ஆட்டினீர்களே. நாற்பத்தாறு வளைவு, டேங்க்கைத் திறந்து போட்டுக்கொண்டு... குச்சி நனைந்திருப்பதைப் பாருங்கள். கிளம்பும்போது இருந்ததைவிட மூன்று விரல் குறைவு. ஏற எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. சிந்தவும் இல்லை.

இல்லை, இருங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரிகிறது. நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. கவிழ்த்த டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்று புக எதிர்ப் பக்கமும் போட வேண்டும். கடையில் எண்ணெய் ஊற்றுகிறவனுக்குத் தெரிவது எனக்குத் தெரியாதா? அந்த லேத்துக்காரன் ஓட்டை என்று கேட்டானே ஒழிய, எதற்கு என்று சொன்னானா? எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அக்பர் பாய்க்குத்தான் தெரியாமல் போனதா? சாவியைக் கேட்கத் தெரிந்தவருக்குக் காரணத்தைச் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் அரைகுறையாகப் பேசுகிறார்கள், கடைசியில் வண்டி நிற்கிறது.

அவன் சொன்னானா? மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஏறச் சொன்னான். ஆமாம். சொன்னான்தான்.

உட்காருங்கள் அந்தக் கல்லில். கோழி பரவாயில்லை, இங்கே குளிர்ச்சிதான். இரண்டு நிமிடம்.

போன். கலாமணிதான். இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள், சனிக்கிழமை மட்டும். என்னிடம் பேசுகிற ஒரே நேரம்.

சொல்லு... ஏறிடுச்சு. சோளக்காட்டுல நிக்கறேன்... ஒரே தடவைதான் நின்னுது, இருவத்திநாலுல... இல்ல, ஒண்ணும் சாகல... பம்புதான். அக்பர் பாய் பண்ணுன வேலை இப்பத்தான் செட் ஆயிருக்குது... ஆமா... மூடியா? அதுக்கு என்ன இப்ப?... அவங்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கறேன்... கேக்குதா? சரி, வெய்யி.

அப்படிப் பார்க்காதீர்கள் சார். நேரம் வரும்போது சொல்லத்தான் போகிறேன். போனில் சொல்கிற விஷயமா இது? அவள் உடனே அவனுக்குப் போடுவாள், அவன் ஊரெல்லாம் சொல்லுவான், சின்ராசு பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்கள். தன்னுடைய வண்டிக்குத் தானே மூச்சை அடைத்தவன் என்று. வேண்டாம்.

திங்கட்கிழமை அந்த லேத்துக்காரனிடம் போய் ஓட்டை போடச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஓட்டை. ஊசி நுழைகிற அளவுக்கு. காற்றுக்கு அது போதும் அல்லவா? குழாய் நுழையாது. மெல்லிசான குழாய்கூட நுழையாது, நான் யோசித்துவிட்டேன்.

இந்தாருங்கள் கைக்குட்டை. டீசல் வாடை இரண்டு மூன்று சலவைக்குப் போகாது, மன்னித்துக்கொள்ளுங்கள். மூடியைக் கொடுங்கள். பூட்டையும். இங்கேயிருந்து செம்மேட்டுக்குப் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. கடைவீதியில் நிறுத்த வேண்டியிருக்கும், ஆள் நடமாட்டம் அதிகம். பூட்டிக்கொண்டே போய்விடலாம்.